கேவலமும் கைவல்லியமும்

"கேவலம், பத்து ரூபாய்க்கா இந்தச் சண்டை?" என்று கேட்கிறோம். இகழ்ச்சிக்கே ஆகிவிட்ட இந்தச் சொல்லும், காரைக்குடியை அடுத்த கோவிலூர் வேதாந்த மடத்தில் தலைமுறைகளாகப் பாடம் சொல்லப்பட்ட 'கைவல்லிய நவநீதம்' என்ற நூற்பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை.

வடமொழியில் கேவலம் என்றால் தனித்தது, கலப்பற்றது, முழுமையானது. வேதம் வைதிகமானதுபோல முதலெழுத்துத் திரிந்து கைவல்லியமாயிற்று. தனித்து நிற்கும் நிலை. நம் 'கை'க்கும் 'வல்லமை'க்கும் இதில் பங்கில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தின் கடைசிப் பாதம் கைவல்ய பாதம். சமணர் முற்றறிவைக் கேவல ஞானம் என்றனர். சைவ சித்தாந்தத்திலோ சொல் எதிர்த்திசைக்குத் திரும்பியது. கேவலம், சகலம், சுத்தம் என்ற உயிரின் மூன்று அவத்தைகளில் (நிலைகளில்), ஆணவ இருளில் உயிர் ஒன்றும் அறியாமல் கிடப்பது கேவலம். ஆனால் பேச்சுவழக்கின் இழிவு அங்கிருந்து வந்ததாக நான் கருதவில்லை. 'தனி' என்பது 'மட்டும்' ஆகி, 'வெறும்' ஆகி, பிறகே இழிவாயிற்று. இந்தியில் இன்றும் 'கேவல்' என்றால் மட்டும்தான். நம் பத்து ரூபாய்ச் சண்டையிலும் அந்த 'வெறும்' உயிரோடு இருக்கிறது.

நவநீதம் புது வெண்ணெய். வேதாந்தப் பாலைக் காய்ச்சிக் கடைந்தெடுத்தது என்கிறார் ஆசிரியர் தாண்டவராய சுவாமிகள். நூலுக்குத் தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என இரண்டே படலங்கள். சந்தேகப் படலம்தான் பெரிது. குருவிடம் கேள்வி கேட்கும் சீடன் லேசில் விடுவதில்லை. செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும் என்கிறார்கள், ஞானத்தீ வினையை எரித்துவிடும் என்றும் சொல்கிறார்கள், எதை நம்புவது? குரு அதட்டவில்லை. கேட்பவரின் பக்குவத்துக்கு ஏற்ப மறை பேசுகிறது என்று பிரித்துக் காட்டுகிறார். தனித்து நிற்பதைப் பெயராகக் கொண்ட நூல், முழுக்க இருவர் பேச்சாகவே நடக்கிறது. எனக்கு இந்நூலில் மிகவும் பிடித்தது இதுதான்.

முத்துராமலிங்க ஆண்டவர் நிறுவிய கோவிலூர் மடம் வேதாந்தத்தைத் தமிழ் நூல்கள் வழியாகவே கற்பித்தது. இந்த மரபில் நூலைப் படிப்பதில்லை, 'பாடம் கேட்பது'தான் முறை. அம்மடத்துப் பொன்னம்பல சுவாமிகள் கைவல்லியத்துக்கு உரை எழுதினார். 1850-களில் கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியப் பாதிரியார் நூலை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தார்.

பாடம் கேட்க வாய்ப்பில்லாதவர்கள் பொன்னம்பல சுவாமிகள் உரையை வைத்துக்கொண்டு, சந்தேகம் தெளிதற் படலத்தை இன்னொருவரோடு உட்கார்ந்து படிக்கலாம். சீடன் பாட்டை ஒருவர், குருவின் பாட்டை மற்றவர்.