மேல் காஜாவுக்கு மலையில்தான் வேலை

சட்டையில் கடைசியாகப் பிறப்பது காஜா. கழுத்து, கை, பட்டி எல்லாம் தைத்து முடிந்த பிறகுதான் அதன் முறை வரும். பார்த்துச் செய்யும் பொறுமை அதற்குள் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது.

மொகஞ்சதாரோவில் சிப்பிப் பொத்தான்கள் கிடைத்திருக்கின்றன, அவை அழகுக்கு. துணியில் துளைபோட்டுப் பொத்தானை மாட்டும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில்தான் தெரியவருகிறது. 1881இல் அமெரிக்காவில் ரீஸ் என்பவரின் காஜா இயந்திரம் வந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நம்மூர்த் தையல்கடைகளில் காஜா எடுத்தது, தொழில் பழக வந்த பையன்களின் கை ஊசிதான்.

திருப்பூரில் தைத்த காலர் பனியன் ஒன்றைப் பின்தொடர்வோம். பனியன் துணி இழுபடும். பட்டிக்குள் ஃப்யூசிங் எனும் விறைப்புத் துணியை ஒட்டாமல் காஜா போட்டால், நெளிந்துபோய் மீன் வாய் மாதிரி திறந்தே நிற்கும். ஊசியின் முனை உருண்டிருக்க வேண்டும். அதுதான் இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். ஒரு பக்கம் ஜிக்ஜாக், முனையில் கட்டு, மறுபக்கம் ஜிக்ஜாக், மறுபடி கட்டு. அதற்கப்புறமே கத்தி விழும். பாப்ளின் நெருக்கமான தையலைத் தாங்கும்; அதே நெருக்கத்தை மெல்லிய வாயில் (voile) துணியில் வைத்தால் சுருங்கிக்கொள்ளும். கம்பளிக் கோட்டுக்கு ஒரு முனையில் கண் வைத்த காஜா, உள்ளே தடித்த நூல் ஓட்டி. பட்டனின் காம்பு அந்தக் கண்ணில் உட்காரும். கையால் பின்னிய ஸ்வெட்டர் பக்கம் மட்டும் மிஷினைக் கொண்டுபோகாதீர்கள். பின்னும்போதே துளை விட்டுவிடுவதுதான் சரி.

நம் பனியன் தாராபுரம், பழனி தாண்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலை ஏறி, பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்துக்கு வந்து சேர்கிறது. சமவெளியில் மேல் பட்டனை யாரும் போடுவதில்லை. இங்கே குளிருக்குக் கழுத்துவரை மாட்டியாக வேண்டும். விறைத்த விரலோடு தினமும் திணித்து இழுக்கும்போதுதான் திருப்பூரில் ஃப்யூசிங் வைத்தார்களா, மிச்சம் பிடித்தார்களா என்பது வெளியே வரும்.

காஜாவின் நீளம், பட்டனின் குறுக்களவோடு கனத்தையும் கூட்டியது. 11 மில்லிமீட்டர் பட்டன் 3 மில்லிமீட்டர் கனம் என்றால் 14. பட்டன் உதிர்ந்ததும் வீட்டில் கிடக்கும் பெரிய பட்டனைத் தைத்துவிட்டு, அது நுழையாததால் காஜாவை பிளேடால் நீட்டுகிறவர்கள் உண்டு. முனைக்கட்டு அறுந்தால் ஓரத் தையலும் கூடவே பிரிந்துவிடும். பனியனின் உள்பக்க லேபிளைப் புரட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் அங்கே ஓர் உதிரி பட்டனைத் தைத்தே அனுப்புகின்றன.