ஓட்டப் பந்தயத்துக்கு முன் குதித்தால் வேகம் கூடுமா? மலைப் பள்ளி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

100 மீட்டர் ஓட்டத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சனை முந்தியது வெறும் 0.005 விநாடியில்தான். அதனால் ஓடுவதற்கு முன் செய்யும் 'வார்ம் அப்' கூட முக்கியம்.

ஜவ்வாது மலையில் உள்ளதுபோன்ற மலைப் பள்ளிகளில் ஜிம் கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு வழி, குதித்தல். ஆனால் இது எல்லாருக்கும், எப்போதும் பலன் தருமா?

குதித்தால் என்ன நடக்கும்?

தசை ஒருமுறை முழு பலத்தோடு வேலை செய்ததும், அடுத்த சில நிமிடங்களுக்கு இன்னும் வேகமாகச் சுருங்கத் தயாராகிறது. தசையின் சூடும் கூடுகிறது. அதே நேரத்தில் களைப்பும் சேர்கிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை முடிவு செய்வது இடைவெளிதான்.

எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஆண்கள் கால் மாற்றித் தாவும் பயிற்சியை 10 தாவல் வீதம் 3 சுற்று செய்தார்கள். கூடுதல் எடையோடு தாவிவிட்டு 15 விநாடியில் ஓடியபோது வேகம் குறைந்தது. 4 நிமிடம் கழித்து ஓடியபோது சுமார் 2 சதவீதம் கூடியது. குதித்த கையோடு ஸ்டார்ட்டிங் லைனுக்குப் போனால் நஷ்டமாகலாம்!

சிறுவர்களுக்கும் இதே பலனா?

அப்படியே பொருந்தாது. வலுப் பயிற்சி அதிகம் இல்லாதவர்களுக்குப் பலன் குறைவு, களைப்பு சீக்கிரம் வரும். வேகமாக வளரும் வயதில் முழங்கால், குதிகால் வலி உள்ளவர்கள் குதிப்பதைத் தவிர்க்கணும்.

மலையில் கூடுதல் கவனம் ஏன்?

ஜவ்வாது மலையின் காவலூர் வானியல் ஆய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில். டிசம்பர், ஜனவரி காலைகளில் இங்கே குளிர் அதிகம். குளிர்ந்த தசையோடு நேரடியாகக் குதித்தால் காயம் ஏற்படலாம்.

எப்படிச் செய்யலாம்?

• முதலில் 5 முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம்.
• பிறகு காலை வீசுதல், முழங்காலை உயர்த்தி ஓடுதல். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.
• 2 அல்லது 3 குறுகிய வேக ஓட்டம்.
• மண் அல்லது புல் தரையில் 5 குதிப்பு வீதம் 2 சுற்று போதும். சிமென்ட் தரை வேண்டாம்.
• அதன்பின் 4, 5 நிமிடம் மெதுவாக நடக்கலாம்.

போட்டிகளில் ஹீட்ஸ் தாமதமாவது சகஜம். பெயர் கூப்பிடும் நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால், குதிப்பதை விட்டுவிட்டு உடல் சூட்டை மட்டும் காப்பாற்றினால் போதும்.

பலன் இருக்கான்னு எப்படி பார்ப்பது?

20 மீட்டர் ஓட மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அதில் 2 சதவீதம் என்பது சுமார் 0.06 விநாடி. கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் இது பிடிபடாது. தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் தெரியும்படி பக்கவாட்டில் மொபைலை வைத்து ஸ்லோமோஷனில் படமெடுக்கலாம். குதித்த நாள், குதிக்காத நாள் என்று மாற்றி மாற்றிப் பல முறை பார்த்தால் அந்த மாணவருக்கு எது சரி என்பது தெரியும்.

இந்தச் சோதனையெல்லாம் பயிற்சி நாட்களில்தான். போட்டி நாளில் முதன்முறையாக முயற்சி செய்யவே கூடாது.