கண்ணாடி அலமாரியில் மடிந்த காரீயப் படை

போர்க்களத்தைச் சிறு அளவில் அமைத்துப் பார்ப்பதில் மனிதனுக்கு நெடுங்காலமாகவே ஈடுபாடு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் இந்த ஈடுபாடு முதலில் பொம்மைப் போர்வீரர்களாகவும், பின்னர் டாங்கி, விமானம், போர்க்கப்பல் ஆகியவற்றின் மாதிரிகளாகவும் வளர்ந்தது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களாகத் தோன்றிய இவை, இருபதாம் நூற்றாண்டில் பெரியவர்கள் விலை கொடுத்துத் தேடிச் சேர்க்கும் பொருள்களாயின. வரவேற்பறையில் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி ஒன்று செய்து, அதற்குள் அணியணியாக நிறுத்தி வைத்து மகிழ்ந்தனர்.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. குழந்தைகளின் கையில் பல போர்களைக் கண்டு தப்பிய வீரர்கள், எவரும் தொடாத அலமாரிக்குள் நின்றபடியே வெள்ளைப் பொடியாக உதிர்ந்தார்கள். காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடே அழிவுக்குக் காரணமாயிற்று. இதன் காரணத்தை விஞ்ஞானம் கண்டறிந்த வரலாறு சுவையானது. நம் வீட்டுப் பொருள்களுக்கும் பயன்படக்கூடியது.

நியூரம்பர்க்கிலிருந்து லண்டனுக்கு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'ஈயம்' என்று நாம் பொதுவாகச் சொல்வது இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவதும் வெள்ளீயம். மீன்வலையின் அடியில் கட்டும் குண்டும், மோட்டார் பாட்டரியில் உள்ள தகடும் காரீயம். காரீயம் நஞ்சுள்ளது. நம் கதையில் இவ்விரண்டும் வருகின்றன.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் என்பவர் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றார். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1838-இல் வெளியிட்ட புகழ்பெற்ற குழந்தைக் கதையின் நாயகனும் வெள்ளீய வீரனே. ஒரு பழைய கரண்டியை உருக்கி 25 வீரர்களை வார்த்தார்களாம். கடைசி வீரனுக்கு உலோகம் போதாமையால் அவனுக்கு ஒரு கால்தான் வாய்த்தது. வெள்ளீயம் விலை கூடிய பொருள் என்பதை இக்கதையே காட்டுகிறது. விலை மலிந்த காரீயத்தைக் கலந்து வார்ப்பது பின்னர் பெருவழக்காயிற்று.

1893-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்பவர் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். காரீயம், வெள்ளீயம், ஆன்ட்டிமனி ஆகியவை கலந்த உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவார்கள். குளிர்ந்த அச்சைத் தொடும் பகுதி உடனே உறையும். உள்ளே இன்னும் உருகிய நிலையில் இருக்கும் உலோகத்தை அந்த நொடியிலேயே கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். எஞ்சுவது ஓட்டைப் போன்ற உள்ளீடற்ற உருவம். உலோகச் செலவும் குறைந்தது, எடையும் குறைந்தது. 54 மி.மீ. உயரமுள்ள இவ்வீரர்கள் ஜெர்மானியப் பொம்மைகளோடு போட்டியிட்டு வென்றனர். பிரிட்டிஷ் பேரரசின் பல படைப்பிரிவுகளையும் அந்நிறுவனம் வார்த்தது. சென்னை மாகாணத்தின் சுதேசிக் காலாட்படையும் அவற்றுள் ஒன்று.

இப்பொம்மைகளின் பிடியில் சிக்கியவர்களுள் பெரிய மனிதர்களும் உண்டு. சிறுவயதில் தம்மிடம் ஏறக்குறைய 1500 பொம்மை வீரர்கள் இருந்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியிருக்கிறார். விஞ்ஞானக் கதைகளுக்குப் பேர்பெற்ற எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் போருக்கான விதிகளை வகுத்து 1913-இல் ஒரு நூலே வெளியிட்டார். வில்விசையால் மரத்துண்டுகளை வீசும் சிறு பீரங்கிதான் அவருடைய போர்க்கருவி.

கைதவறி விழுந்தால்

கண்ணுக்குத் தெரியும் விபத்தை முதலில் பார்ப்போம். 1.5 மீட்டர் உயரமுள்ள தட்டிலிருந்து விழும் பொம்மை, தரையைத் தொடும்போது விநாடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகம் பெறுகிறது. தூய காரீயம் மென்மையானது. விழுந்தால் நசுங்கும், வளையும். கடினத்தன்மைக்காக அதனுடன் ஆன்ட்டிமனி சேர்த்தால் நொறுங்கும் தன்மையும் கூடவே வருகிறது. ஆகவே மெல்லிய இடங்களான கழுத்து, துப்பாக்கி முனை, குதிரையின் கால் ஆகியவை முதலில் முறியும். தலை தனியே வந்துவிட்டால், உள்ளீடற்ற உடலுக்குள் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி அதன்மேல் தலையைப் பொருத்துவது இங்கிலாந்துச் சிறுவர்கள் அறிந்த வைத்தியம்.

இந்தச் சேதத்தின் காரணம் எல்லாருக்கும் தெரியும். அடுத்து நாம் பார்க்கப்போவது காரணம் தெரியாமல் நிகழ்ந்த சேதம்.

நோயா, வினையா?

அலமாரியில் வைத்த வீரனின் காலடியில் சிறிது வெள்ளைப் பொடி தோன்றும். வர்ணம் கொப்புளம்போல் எழும்பி உதிரும். சில ஆண்டுகளில் முகமும் கையும் அடையாளம் தெரியாமல் போகும். ஒருவனிடம் தோன்றியது சில நாளில் பக்கத்தில் நிற்பவனிடமும் தோன்றும். எனவே சேகரிப்பாளர் பலர் இதை 'காரீய நோய்' என்றும், ஒட்டுவாரொட்டி என்றும் கருதினர். நோயுற்ற வீரனை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவர்களை அதே அலமாரியில் விட்டுவைத்தனர்.

இன்னும் சிலர் இதை 'வெள்ளீயக் கொள்ளைநோய்' என்றனர். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. 1851-இல் எர்ட்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார், ஸைட்ஸ் நகரத் தேவாலயத்தின் ஆர்கன் குழல்களில் இதைக் கண்டார். 1868-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கடுங்குளிரில் வெள்ளீயக் கட்டிகள் பொடியாயின. அதை பிரிட்ஷே என்பவர் ஆராய்ந்து எழுதினார். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி எர்னஸ்ட் கோஹன், 1899 முதல் ஆராய்ந்து, இது நோயன்று, படிக அமைப்பின் மாற்றமே என்று நிறுவினார். 13.2 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வெள்ளீயத்தின் நிலையான வடிவம் சாம்பல் நிறமுடையது. அடர்த்தி 7.3-இலிருந்து 5.8-ஆகக் குறைவதால், கன அளவு கால் பங்குக்கு மேல் பெருகி உலோகம் பொடிகிறது.

ஆனால் பொம்மை வீரர்களின் அழிவுக்கு இது விளக்கமாகாது. காரீயமும் ஆன்ட்டிமனியும் கலந்திருந்தால் இம்மாற்றம் வெகுவாகத் தடைப்படும். மேலும் அது மளமளவென்று நடக்கக் கடுங்குளிர் வேண்டும். கணப்பு எரியும் வரவேற்பறையில் அத்தகைய குளிர் ஏது? பொடியின் நிறமும் சாம்பலன்று, வெள்ளை.

பழைய தொழில், புதிய இடம்

விடை பழைய கிரேக்க நூல்களிலேயே இருந்தது. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ், வெள்ளை வர்ணம் செய்யும் முறையை விவரித்திருக்கிறார். காரீயத்தை வினிகர் எனப்படும் காடிக்கு மேலே வைத்து மூடிவிட்டால், சில நாளில் அதன்மேல் வெள்ளைப் படிவு உண்டாகும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டார், காடி ஊற்றிய பானைகளில் காரீயச் சுருள்களை வைத்துச் சாணக் குவியலில் புதைத்து, இதையே பெருந்தொழிலாக நடத்தினர். மட்கும் சாணம் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் தந்தது.

இங்கு நிகழும் வினை எளியது. காடியின் ஆவியில் உள்ள அசெட்டிக் அமிலம், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு காரீயத்தைக் காரீய அசெட்டேட் ஆக்குகிறது. கரியமில வாயுவும் ஈரமும் அதை வெள்ளை நிறக் காரீய கார்பனேட்டாக மாற்றுகின்றன. அப்போது அசெட்டிக் அமிலம் மீண்டும் விடுபடுகிறது! விடுபட்ட அமிலம் அடுத்த காரீய அணுவைத் தாக்குகிறது. வினையில் அமிலம் தீர்ந்துபோவதில்லை. ஆகவே மிகச் சிறிதளவு ஆவியே பெரும் அழிவைச் செய்யும்.

சாதாரணக் காற்றில் காரீயத்தின் மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது. ஐரோப்பியத் தேவாலயங்களின் காரீயக் கூரைகள் பல நூற்றாண்டு மழையைத் தாங்கி நிற்பது இதனால்தான். அமில ஆவி அந்தக் காப்புப் படலத்தைக் கரைத்து உடைக்கிறது. மேலும் காரீயத்தின் அடர்த்தி 11.3, கார்பனேட்டின் அடர்த்தி 7-க்கும் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், கார்பனேட்டாக மாறும் காரீயம் முன்பிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். வர்ணம் எழும்பி உதிர்வதன் காரணம் இதுவே.

சரி, அலமாரிக்குள் காடி ஊற்றி வைத்தது யார்? மரந்தான். மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருளில் அசெட்டைல் தொகுதிகள் உள்ளன. ஈரத்தாலும் வெப்பத்தாலும் அவை மெல்லச் சிதைந்து அசெட்டிக் அமிலமாக வெளிப்படும். எல்லா மரங்களும் ஓரளவு இதைச் செய்யும். ஐரோப்பியர் உயர்வாக மதிக்கும் ஓக் மரம் மிக அதிகமாகச் செய்யும். தூசி புகாதபடி கதவை இறுக மூடியதால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்தது. அழகிய ஓக் அலமாரி, அளவில் சிறுத்த வெள்ளை வர்ணத் தொழிற்சாலையாக மாறிவிட்டது. 'நோய்' பக்கத்து வீரனுக்குப் பரவியது ஏன் என்பதும் இப்போது விளங்கும். எல்லாரும் ஒரே காற்றில் நின்றார்கள்.

சிப்பிகள் சொன்ன சாட்சியம்

இதே தவறு வேறொரு துறையிலும் நிகழ்ந்தது. அலமாரிகளில் இருந்த கிளிஞ்சல், சங்கு ஆகியவற்றின்மேல் வெள்ளைப் பூப்பு படிவதை 1899-இல் பைன் என்னும் ஆங்கிலேயர் விவரித்தார். அவர் பாக்டீரியாக்களின் மீது பழி போட்டார். அது 'பைன் நோய்' என்றே பெயர் பெற்றது. 1985-இல் டென்னன்ட், பேர்டு என்ற இருவர் அந்தப் பூப்பைப் பகுத்துப் பார்த்து, அது மர ஆவியின் அமிலங்களால் உண்டான கால்சிய உப்புகளே என்று காட்டினர். ஒரு பெயர் 86 ஆண்டுகள் உண்மையை மறைத்து வைத்திருந்தது.

டாங்கிகளின் வெடிப்பு

போர் வாகன மாதிரிகளுக்கு வேறொரு ஆபத்து இருந்தது. லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்ற வாகனங்கள் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அவற்றுள் டாங்கிகளும் ராணுவ லாரிகளும் உண்டு. போருக்கு முந்திய மாதிரிகள் பல, பெட்டியில் இருந்தபடியே வீங்கி, வளைந்து, வெடித்தன. சேகரிப்பாளர் இதனை 'உலோகக் களைப்பு' என்பர். இதுவும் பொருந்தாப் பெயரே. மீண்டும் மீண்டும் சுமை ஏற்றி இறக்குவதால் உலோகம் முறிவதைத்தான் இயற்பியலில் களைப்பு என்கிறோம். இந்த மாதிரிகள் சுமை எதையும் சுமக்கவில்லை.

உண்மைக் காரணம் கலப்படம். துத்தநாகத்தில் காரீயம் சிறிதளவு கலந்திருந்தாலும் அது கரைந்து பரவாமல் படிகத் துகள்களின் எல்லைகளில் தங்குகிறது. ஈரம் அந்த எல்லைகளின் வழியே உட்புகுந்து அரிக்கிறது. வீரனின் உடலாகிய அதே காரீயம் டாங்கிக்கு எமனாயிற்று! 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தி, காரீயத்தை 20,000-இல் 1 பங்குக்குள் கட்டுப்படுத்திய பிறகே இத்தொல்லை நீங்கியது.

பிற்காலத்துப் பிளாஸ்டிக் மாதிரிகளும் தப்பவில்லை. உடல் பாலிஸ்டைரீன், சக்கரப் பட்டை மென்மையான வினைல். வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். பல ஆண்டுகள் அசையாமல் நின்ற டாங்கியின் சக்கரம் பட்டையோடு உருகி ஒட்டியிருக்கும்.

எதிரியே காவலன்

1973-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி, எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். அலமாரி செய்யப் பயன்படும் மரம், துணி, பசை ஆகியவற்றில் சிறு துண்டு எடுத்து, சிறிது நீருடன் கண்ணாடிக் குழாயில் இடவேண்டும். உடன் வெள்ளி, செம்பு, காரீயத் தகடுகளை வைத்து மூடி, 60 டிகிரி சென்டிகிரேடில் 28 நாள் வைக்கவேண்டும். தகடு கெட்டால் அப்பொருள் காட்சி அலமாரிக்கு ஆகாது. வெள்ளி கந்தக ஆவியைக் காட்டிக்கொடுக்கும்; காரீயம் அமில ஆவியைக் காட்டிக்கொடுக்கும். எளிதில் தாக்கப்படும் குணமே காரீயத்தைச் சிறந்த ஒற்றனாக்கியது.

பிரிட்டன்ஸ் நிறுவனம் 1966-இல் காரீய வார்ப்பை நிறுத்திவிட்டது. எஞ்சியிருக்கும் வீரர்களைக் காக்க விரும்புவோருக்கு விஞ்ஞானம் தரும் அறிவுரை சுருக்கமானது. உலோகமும் கண்ணாடியும் கொண்ட அலமாரியே நல்லது. மர அலமாரிதான் உண்டென்றால் காற்றோட்டம் வேண்டும், ஈரம் கூடாது. புதிய வர்ணமும் பசையும் நன்றாக உலர்ந்த பிறகே பொருள்களை வைக்கவேண்டும். மரத்துக்கு வார்னிஷ் பூசினால் ஆவி வெளிப்படுவது தாமதமாகுமே ஒழிய நின்றுவிடாது. வெள்ளைப் பொடி கண்டால் ஊதக்கூடாது, துடைப்பத்தால் தட்டக்கூடாது, அது நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கையைக் கழுவவேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது பொம்மையைவிடக் குழந்தைக்கே முக்கியமான பாதுகாப்பு.

ஒரு பொருள் கெடும்போது, அதற்கு 'நோய்', 'களைப்பு' என்று பெயரிட்டுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது போன்ற நிறைவு உண்டாகிறது. காரீய வீரர்கள் விஷயத்தில் அந்த நிறைவுதான் எத்தனையோ சேகரிப்புகளைப் பொடியாக்கியது. கெட்டுப்போன பொருளை எடுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், அது நின்ற இடத்தையும், அதைச் சூழ்ந்த காற்றையும் சோதிப்பவரே மிஞ்சியதைக் காப்பாற்ற முடியும்.