கேன் தடத்தில் கால உறுதி: 1986 முதல் 2007 வரை

கட்டுப்பாட்டுப் பொறியியலில், நேரம் தவறி வரும் செய்தியும் பிழையான செய்திதான். எஞ்சின் கணினி கியர்பெட்டிக் கணினிக்குச் சுழல்வேகத்தைச் சரியாகவே அனுப்பலாம். அது போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் வேறு வேகத்துக்கு மாறியிருந்தால் அந்தச் சரியான எண்ணால் பயனில்லை. ஒரு வலையமைப்பில் செய்தி மிஞ்சிமிஞ்சி எவ்வளவு தாமதமாகும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை கிடைக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதைக் கார்களுக்குள் இயங்கும் கேன் வலையமைப்பை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கேன் உருவாக்கும் பணியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் தொடங்கியது. உவே கின்கே, சீக்பிரீட் டைஸ், மார்ட்டின் லிட்செல் ஆகியோர் 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினர். அடுத்த ஆண்டே இன்டெல் அதற்கான சில்லை வெளியிட்டது. 1991-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார்களில் அது இடம்பெற்றிருந்தது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுப்பது கட்டுப்படியாகாமல் போனதே இதற்கெல்லாம் உந்துதல். எல்லாரும் ஒரே தடத்தைப் பகிர்ந்தால் செம்பு மிச்சம், எடை மிச்சம். ஆனால் தனி வயரில் இல்லாத ஒன்று இப்போது வந்து சேர்ந்தது: காத்திருப்பு.

யார் முதலில் பேசுவது என்பதைக் கேன் தீர்க்கும் விதம் அழகானது. ஒவ்வொரு செய்திக்கும் 11 பிட் அடையாள எண் உண்டு. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் இரண்டும் தத்தம் எண்ணைப் பிட் பிட்டாக அனுப்புகின்றன. தடத்தில் 0 எப்போதும் 1-ஐ அமுக்கிவிடும். தான் 1 அனுப்பியும் தடத்தில் 0 தெரிந்தால் அந்தக் கணினி ஒதுங்கிக்கொள்ளும். சிறிய எண் வெல்லும். வென்ற செய்தி ஒரு பிட்டைக்கூட இழப்பதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தோற்றவர் மறுபடி வரிசையில் நிற்கிறார். தடத்தில் ஏறிவிட்ட செய்தியை, எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை வந்தாலும், இடையில் இறக்க முடியாது. இந்த இரண்டாவது விதிதான் பின்னால் அறிஞர்களின் காலை வாரியது.

கட்டுப்பாட்டுக் கோட்பாட்டாளர்கள் இதே காலத்தில் மறுமுனையிலிருந்து வந்தார்கள். வலையமைப்பின் மாறிக்கொண்டே இருக்கும் தாமதம் பின்னூட்டச் சுற்றை எப்படிக் குலைக்கும் என்பதை யோரம் ஹலேவியும் அசோக் ரேயும் 1988-இல் ஆராய்ந்தனர். அவர்களுடைய சமன்பாடுகள் பயன்பட வேண்டுமானால் தாமதம் எவ்வளவு என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்ல முயன்றது இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு. கென் டின்டெல், ஆலன் பர்ன்ஸ் முதலியோர் 1994-இல் கேன் செய்தி ஒவ்வொன்றுக்குமான அதிகபட்சத் தாமதத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். அதுவரை தடத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டுவைத்து, ஓட்டிப் பார்த்துச் சரி செய்வதே பொறியாளர்களின் வழக்கம். 1998-இல் வந்த வால்வோ எஸ்80 காரின் தகவல்தொடர்பு இந்தப் பகுப்பாய்வை அடித்தளமாகக் கொண்டே வடிவமைக்கப்பட்டது. ஆய்வரங்கத்திலிருந்து தொழிற்சாலைக்கு இவ்வளவு விரைவாகப் போன கணிதம் அதிகமில்லை.

அந்தக் கணிதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஏ, பி, சி என மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம்; முன்னுரிமையும் அதே வரிசை. ஒவ்வொன்றும் தடத்தை 1 மில்லிநொடி பிடிக்கும். ஏ 2.5 மில்லிநொடிக்கு ஒருமுறையும், மற்ற இரண்டும் 3.5 மில்லிநொடிக்கு ஒருமுறையும் வரும். சி-க்குக் கெடு 3.25 மில்லிநொடி. மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டால் ஏ 1-இலும், பி 2-இலும், சி 3-இலும் முடியும். கெடுவுக்குள் வந்துவிட்டது, பழைய கணக்கு இங்கே நின்றுவிடும்.

நிற்கக் கூடாது. சி ஓடும்போதே 2.5-இல் இரண்டாவது ஏ வந்துவிட்டது. சி-யை நிறுத்த முடியாததால் அந்த ஏ காத்திருந்து 3 முதல் 4 வரை ஓடுகிறது. 3.5-இல் இரண்டாவது பி-யும் இரண்டாவது சி-யும் வருகின்றன. பி 5 வரை ஓடுகிறது. அப்போது மூன்றாவது ஏ முந்திக்கொண்டு 6 வரை பிடிக்கிறது. சி முடிவது 7-இல். 3.5-இல் வந்த செய்திக்கு 3.5 மில்லிநொடித் தாமதம்: கெடு தவறிவிட்டது. முதல் சுற்றில் சி பிறருக்குத் தந்த தடை, அடுத்த சுற்றில் அதன் தலையிலேயே வந்து விழுகிறது.

பிழையின் வேர் 1973-இல் லியூ, லேலண்ட் இருவரும் தந்த கோட்பாட்டுப் பரம்பரையில் இருக்கிறது. அது, ஓடும் பணியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய கணினிக்கு எழுதப்பட்டது. அங்கே, அடுத்த சுற்று வருவதற்குள் கெடு முடிந்துவிடுமானால், எல்லாம் ஒன்றாகப் புறப்படும் முதல் சுற்றே மிக மோசமான சுற்று. கேனில் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டை வெளிக்கொண்டுவந்து கணக்கைத் திருத்தி ராபர்ட் டேவிஸ், பர்ன்ஸ், ரைன்டர் பிரில், யோஹான் லுக்கியன் ஆகியோர் எழுதிய கட்டுரை 2007-இல் வந்தது. 13 ஆண்டுகள்! மூலக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான பர்ன்ஸே மறுப்பிலும் கையெழுத்திட்டிருப்பது மதிக்கத்தக்கது.

இதற்கிடையே வியன்னாவில் ஹெர்மன் கோபெட்ஸ் வேறு வழி காட்டிக்கொண்டிருந்தார்: போட்டியே வேண்டாம், ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே நேரம் ஒதுக்கிவிடலாம். நேர ஒதுக்கீட்டில் இயங்கும் பிளெக்ஸ்ரே வலையமைப்பு 2006-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரில் வந்தது. கணக்கு எளிது, ஆனால் புதிய செய்தி ஒன்றைச் சேர்க்க அட்டவணையையே கலைக்க நேரலாம். விலை மலிவும் பழக்கமும் கேன் பக்கமே இருந்தன.

மேலே கண்ட எடுத்துக்காட்டு தடத்தை ஏறக்குறைய 97 விழுக்காடு நிரப்புகிறது. அவ்வளவு நெருக்கமாக எந்தக் காரையும் யாரும் வடிவமைப்பதில்லை என்பது என் கணிப்பு. பழைய வழக்கம் விட்டுவைத்த வெற்றிடமே பிழையான கணிதத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். திருத்தியவர்கள், பல சுற்றுகளையும் ஆராயும் முழுக் கணக்கோடு, அவசரத்துக்கு ஓர் எளிய சோதனையும் கொடுத்தார்கள்: முன்னுரிமை குறைந்தவற்றால் வரும் தடையோ தன் சொந்த நீளமோ, எது பெரிதோ அவ்வளவு நேரம் ஒவ்வொரு செய்தியும் கூடுதலாகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் சி இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடுகிறது.