நதிமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ரிஷிகளின் விஷயத்தில் அது நியாயமாகவே இருக்கலாம். நதியின் விஷயத்தில் அப்படி இருந்துவிட முடியுமா என்பதுதான் சந்தேகம்.

தேனியை ஒட்டியுள்ள பழனிசெட்டிபட்டியில் ஓடுகிறதே, முல்லைப் பெரியாறு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது ஒரே தண்ணீர்தான். ஆனால் அதில் ஒரு பகுதி மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். அரபிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுக் என்ற இஞ்சினீயர் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் நனைத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு வந்து சேருகிறது. பிறகு வைகையில் கலந்து விடுகிறது. நடு வழியில் ஒரு கை அள்ளிப் பார்த்து, இது தேக்கடித் துளி, இது சுருளித் துளி என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா?

குளிக்க இறங்குகிறவனுக்கு அந்தப் பிரிவினை தேவையே இல்லை. ஆனால் நாற்று நட்ட பிறகு தண்ணீர் வராவிட்டால் கேள்வி பிறக்கிறது. அணையில் இருப்பு இல்லையா? சுருளிப் பக்கம் மழை பொய்த்ததா? இடையில் எங்காவது கரை உடைந்ததா? அந்த நேரத்தில் நதிமூலம் விசாரிக்காமல் ஒரு காரியமும் நடக்காது. எல்லாம் சரியாக இருக்கும்வரை மூலம் யாருக்கும் வேண்டாம். பழுது வந்த அன்று மூலத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இந்த உண்மையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கம்ப்யூட்டருக்குப் புரிவது சைபரும் ஒன்றும்தான். ஆரம்ப காலத்தில் மனிதர்கள்தாம் அதன் பாஷைக்கு இறங்கிப் போனார்கள். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் 1949-இல் ஒரு கம்ப்யூட்டரை ஓட வைத்தார். தம் ஆயுளில் மிச்சமிருக்கும் காலத்தில் பெரும்பகுதி, தாம் எழுதிய புரோகிராம்களில் தாமே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பது ஒரு நாள் அவருக்குத் திடீரென்று விளங்கிவிட்டதாம். எழுதுகிற பாஷை மனிதனுக்குச் சற்று அருகில் வந்தால் பிழை குறையும் அல்லவா? 1952-இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முதல் கம்பைலரைச் செய்தார். 1957-இல் ஜான் பாக்கஸ் குழுவினரின் ஃபோர்ட்ரான் வந்தது. மனிதன் தனக்குப் புரியும்படி எழுதுவான். கம்பைலர் அதை யந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும்.

சௌகரியம்தான். ஆனால் அதோடு ஒரு சங்கடமும் வந்தது. மனிதன் எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று. ஓடுகிற இடத்தில் இடறி விழுந்தால், எழுதிய இடத்தில் எந்த வரி காரணம் என்று தெரிய வேண்டாமா? ஆகவே, யந்திரக் கட்டளை ஒவ்வொன்றும் எந்த வரியிலிருந்து பிறந்தது என்று ஓர் அட்டவணையையும் கம்பைலரே எழுதி வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. பெரிய கம்ப்யூட்டர்களின் உலகத்தில் இது பழைய சங்கதியாகிவிட்டது.

இணையத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பாஷையை உருவாக்கினார். இதில் கம்பைலருக்குத் தனியாக அனுப்பும் வேலை கிடையாது. எழுதியவன் எழுதியது எழுத்து மாறாமல் வாசகனின் பிரவுசருக்கே போய்விடும். பிழை வந்தால் பிரவுசர் வரி எண்ணைச் சொல்லும். அந்த வரிக்குப் போய்த் திருத்தலாம். மூலமும் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். தேடுவதற்கு என்ன இருக்கிறது?

பத்து வருஷங்களுக்குள் நிலைமை மாறியது. இணையப் பக்கங்கள் பெருத்தன. கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பூகோளப் படம் பார்ப்பது எல்லாம் பிரவுசருக்குள் வந்தன. பத்து வரி இருந்த இடத்தில் பல்லாயிரம் வரிகள் சேர்ந்தன. அத்தனையையும் கம்பி வழியே அனுப்ப நேரமாகும். ஆகவே சுருக்கிக் கட்டும் கருவிகள் பிறந்தன. அவை இடைவெளிகளை எடுத்துவிடும். எழுதியவன் தன் ஞாபகத்துக்காகப் போட்ட குறிப்புகளை உதிர்த்துவிடும். நீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக்கிவிடும். பல கோப்புகளைக் கோத்து ஒரே வரியாக நீட்டிவிடும்.

ஓர் உதாரணத்துக்குப் போடியில் ஏலக்காய் விலை கணக்கிடும் பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவன் 'எடை', 'விலை', 'கழிவு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறான். சுருக்கிய பிறகு அவை 'ஏ', 'பி', 'சி' ஆகிவிடுகின்றன. ஒரு நாள் தொகை தப்பாக வருகிறது. பிரவுசரைக் கேட்டால், "முதல் வரி, 48,213-ஆவது எழுத்தில் பிழை" என்கிறது. இருப்பதே ஒரு வரி! அந்த 'பி' என்பது விலையா, கழிவா, வேறு யாரோ எழுதிய வேறு எதுவோ, யார் கண்டது?

இது போதாதென்று, ஜாவாஸ்கிரிப்ட் பிடிக்காதவர்கள் வேறு பாஷைகளில் எழுதி, அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றத் தொடங்கினார்கள். 2009-இல் காஃபிஸ்கிரிப்ட் வந்தது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. ஆக, பிரவுசரில் ஓடுவது எவனும் தன் கையால் எழுதாத எழுத்து என்று ஆயிற்று.

கூகுள் கம்பெனியார் 2009-ஆம் ஆண்டு குளோஷர் கம்பைலர் என்ற சுருக்கும் கருவியை வெளியிட்டபோது, அதனுடன் ஓர் அட்டவணை முறையையும் தந்தார்கள். ஜோசப் ஷோர் என்பவர் வகுத்த முறை அது. அதற்குச் 'சோர்ஸ் மேப்' என்று பெயர். மூல வரைபடம் என்று நாம் சொல்லலாம். முதல் பதிப்பில் வரைபடம், சுருக்கிய கோப்பைப் போலச் சுமார் பத்து மடங்கு பெரிதாக இருந்தது. தலையைவிடத் தலைப்பாகை பெரிது! இரண்டாம் பதிப்பு அதைப் பாதியாக்கியது. 2011-இல் கூகுளைச் சேர்ந்த ஜான் லென்ஸும் மொஸில்லாவைச் சேர்ந்த நிக் ஃபிட்ஸ்ஜெரால்டும் எழுதிய மூன்றாம் பதிப்பு மீண்டும் பாதியாக்கியது. இன்று உலகம் முழுவதும் புழங்குவது இந்த மூன்றாம் பதிப்புதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கிராம நிர்வாக அலுவலரின் ஏ-பதிவேட்டைப் பார்த்தால் போதும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். இன்றும் குடியானவர்கள் அதை 'யூ.டி.ஆர்.' என்றுதான் சொல்வார்கள். பல இடங்களில் பழைய சர்வே எண் போய்ப் புதிய எண் வந்தது. ஒரே புலம் பல உட்பிரிவுகளாயிற்று. புதிய எண்ணை மட்டும் எழுதியிருந்தால் தாத்தா காலத்துப் பத்திரம் வெறும் காகிதமாகிப் போயிருக்கும். புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டார்கள். பழைய பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் இணைக்கும் பாலம் அந்தக் கட்டம்தான்.

சோர்ஸ் மேப்பும் இப்படியொரு பதிவேடுதான். சுருக்கிய கோப்பில் இந்த எழுத்து, எந்த மூலக் கோப்பில், எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்தில் இருந்தது. அதன் பழைய பெயர் என்ன. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இடத்தைச் சுருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு கல்லையும் ஊர் எல்லையிலிருந்து அளக்காமல், முந்தைய கல்லிலிருந்து இத்தனை அடி என்று சொல்வதுபோல, ஒவ்வொரு இடத்தையும் அதற்கு முந்தைய இடத்திலிருந்து உள்ள வித்தியாசமாக மட்டும் எழுதினார்கள். வித்தியாசங்கள் சிறிய எண்களாக இருக்கும் அல்லவா? அந்த எண்களை 64 குறிகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கில் எழுதினார்கள். அதில் ஆங்கில எழுத்தான 'ஏ'தான் சைபர். ஆகையால் பல வரைபடங்கள் 'ஏஏஏஏ' என்று தொடங்கும். குழந்தை அழுவதுபோல் இருந்தாலும் அதற்குத் தெளிவான அர்த்தம் உண்டு: முடிவின் ஆரம்பம், முதல் மூலக் கோப்பின் ஆரம்பத்துக்குச் சரி.

சுருக்கிய கோப்பின் அடியில் வரைபடம் இருக்கும் இடத்தை ஒரு வரியில் குறித்துவிடுவார்கள். பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அந்த வரைபடம் போவதே இல்லை. பழுது பார்க்கிறவன் பிரவுசரில் தன் கருவிப் பெட்டியைத் திறந்தால்தான் அது இறங்கி வரும். அப்போது 48,213-ஆவது எழுத்து மறைந்து, 'கழிவு' என்ற பெயரோடு, எழுதியவன் எழுதிய வரி கண் முன் நிற்கும்.

இந்த வரைபடத்தை யார் எழுத முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றுகிறவன்தான் எழுத முடியும். அதுவும் மாற்றுகிற அந்த நேரத்தில்தான். 'விலை' என்பதை 'பி' ஆக்கும் கணத்தில் அந்தச் செய்தி கருவியின் கையில் இருக்கிறது. அடுத்த கணம் அது போய்விடுகிறது. பிறகு எத்தனை பெரிய மேதாவி வந்தாலும் ஊகிக்கலாமே தவிர, அறிய முடியாது.

நம் நாட்டுக் கல்தச்சர்கள் இதை அறிந்திருந்தார்கள். கும்பகோணத்துக்கு அப்பால் திருக்கோடிக்காவல் கோயிலை உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் திரும்பப் பொறிக்கச் செய்தார். புதுச் சுவரில் இருப்பதால் அவற்றைப் புதுச் சாசனம் என்று பின்னால் வருகிறவர்கள் நினைத்துவிடலாம். ஆகவே, இதுவும் ஒரு 'பழங்கற்படி' என்று குறித்தார்கள். பழைய கல்லின் பிரதி என்று பொருள். ஆயிரம் வருஷங்களுக்குப் பிறகு சரித்திர ஆசிரியர்கள் அவற்றில் பல்லவர் காலத்துச் செய்திகளை அடையாளம் காண அந்த ஒரு சொல் உதவியது. இடித்துக் கட்டுகிறபோதே எழுதினார்கள், அதனால் நிலைத்தது.

எழுதி வைக்காமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் சமீப காலத்திலேயே சாட்சி இருக்கிறது. பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கங்களில் எழுதியிருந்தார்கள். 2000 பிறந்தால் அது 1900 ஆகிவிடும் என்ற பயம் 1990-களின் இறுதியில் உலகைப் பிடித்துக்கொண்டது. அந்தத் திருத்த வேலையில் பெரும் பங்கு இந்தியக் கம்பெனிகளுக்கு வந்தது. நம் ஊர்களிலிருந்து படித்துப் போன பிள்ளைகள் பலர், தாங்கள் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிய வரிகளின் முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். சில இடங்களில் மூலமே தொலைந்து போயிருந்தது. யந்திர பாஷையில் உள்ள முடிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; அதை எதிலிருந்து செய்தார்கள் என்பது போய்விட்டது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். உழைப்பு முழுவதும், வந்தவர்கள் தலையில் விழுந்தது.

வரைபடம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நேற்றைய கோப்பின் வரைபடத்தை இன்றைய கோப்போடு வைத்தால் அது தைரியமாகத் தப்பான வரியைக் காட்டும். வழி தெரியாதவனாவது நின்று விசாரிப்பான். தப்பான வழிகாட்டியை நம்பியவன் நடந்துகொண்டே இருப்பான். பதிவேட்டில் ஓர் எண் மாறி விழுந்ததால் தன் நிலத்தைத் தன்னுடையது என்று நிரூபிக்கத் தாலுகா ஆபீசுக்கு வருஷக் கணக்கில் நடந்த குடியானவர்களைக் கேட்டால் இது நன்றாக விளங்கும்.

இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. வரைபடத்துக்குள் மூலத்தை முழுவதுமாகவே வைத்து அனுப்பலாம். அதைக் கவனக்குறைவாகப் பொது இடத்தில் விட்டால் கம்பெனியின் ரகசியம் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே கெட்டிக்காரர்கள் வரைபடத்தைச் செய்வார்கள். ஆனால் வெளியே வைக்க மாட்டார்கள். பழுது பற்றிய தகவல் வந்து சேரும் தங்கள் இடத்திலேயே பத்திரப்படுத்துவார்கள். ரகசியம் என்று சொல்லி வரைபடமே செய்யாமல் விடுகிறவர்கள், திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனுக்கும் சாவி செய்யாதவர்கள்.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய காரியத்துக்கு ஆதாரமான மூன்றாம் பதிப்பின் விதிகள் பல ஆண்டுகள் வரை, இணையத்தில் சிலர் பகிர்ந்துகொண்ட ஒரு சாதாரண ஆவணமாகத்தான் இருந்தன. 2024 டிசம்பரில்தான் எக்மா என்ற சர்வதேச அமைப்பு 426 என்ற எண்ணிட்டு அதை முறையான தரமாக ஏற்றது. இன்றைய முறை இடத்தைச் சொல்லுகிறது. அந்த இடத்தில் எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை முழுவதும் சொல்வதில்லை. அதையும் சேர்க்க முயன்று வருகிறார்கள்.

நதிமூலம் விசாரிக்கக் கூடாது என்பது மரியாதைக்காகச் சொன்னது. அதை வணங்க வந்தவன் கேட்டுக்கொள்ளட்டும். பழுது பார்க்க வந்தவனுக்கு அந்த விதி செல்லாது. அவன் அநேகமாக அதை எழுதியவன் அல்ல. எழுதியவனை அவன் பார்த்திருக்கவும் மாட்டான். ஏதோ ஒரு நடு இரவில், யாரோ செய்த தவறுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருப்பான். அவனுக்காக, மாற்றுகிற நேரத்திலேயே ஒரு வரி எழுதி வைப்பது மாற்றுகிறவனின் கடமை.