கொடி எரிப்புத் தடைச் சட்டமும் பேச்சுரிமையும்

நாட்டின் கொடியை எரிப்பது கருத்துரிமையா, குற்றமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் 1950களில் எழுந்தது. இதற்கான இந்திய அளவிலான சட்டம் 1971இல் வந்தது; சென்னை மாநிலம் 1957லேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது.

முன்வரலாறு

அரசை எதிர்த்ததற்கான தண்டனை இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908இல் ஆற்றிய மேடைப் பேச்சுகளுக்காக இராசத் துரோகக் குற்றம் (பிரிவு 124அ) சாட்டப்பட்டார். நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையாக 40 ஆண்டுகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையை அளித்தது. ஆயினும் 124அ பிரிவு அப்போது நீக்கப்படவில்லை.

1955 கொடி எரிப்பு அறிவிப்பு

இந்தித் திணிப்பை எதிர்த்து, 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் ஈ. வெ. இராமசாமி அறிவித்தார். இந்தி கட்டாயமாக்கப்படாது என்று முதலமைச்சர் காமராசர் உறுதியளித்ததால் போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

1957 சட்டம்

சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் உள்ளன என்று கூறி, 1957 நவம்பர் 26 அன்று அரசியலமைப்புச் சட்டத்தை எரிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகம் அறிவித்தது. இத்தகைய செயலுக்கெனத் தனித் தண்டனை அப்போது இல்லை. எனவே சென்னை சட்டமன்றம் விரைந்து, மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தண்டனை தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் எரித்துச் சிறை சென்றனர். சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு.

1971 மத்தியச் சட்டம்

நாடாளுமன்றம் 1971இல் இதே பெயரில் சட்டம் இயற்றியது. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியையோ அரசியலமைப்பையோ எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் சட்டவழியில் மாற்றம் வேண்டி அரசியலமைப்பையோ கொடியையோ அரசின் நடவடிக்கைகளையோ கண்டித்துப் பேசுவது குற்றமன்று என்று அச்சட்டமே விளக்கம் தருகிறது.

பிற தீர்ப்புகள்

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1989இல், கொடி எரிப்பும் கருத்து வெளிப்பாடே என்று 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்நாட்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த தடைச் சட்டமும் 1990இல் செல்லாததாயிற்று. தடைக்கு வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 2006இல் செனட்டில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது.

இந்திய உச்சநீதிமன்றம் 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில், கொடியை மரியாதையுடன் பறக்கவிடுவது 19ஆம் பிரிவு தரும் உரிமை என்றது. அந்த உரிமையும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதே என்பதால் 1971 சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.