கத்தியின் பிறப்பிடம்

தேயிலைச் செடியை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துவதைத் தோட்டத் தமிழ் கவ்வாத்து என்று வழங்கும். அதற்குரிய கருவி கவ்வாத்துக் கத்தி. கேமரன் மலையின் பழைய லயமொன்றில் துருவேறிய கத்தியொன்று கிடைக்குமாயின், அது எந்நாட்டுக் கத்தி என்பதை நாம் எவ்வாறு துணிவது?

இம்மலையில் 1929 ஆம் ஆண்டு போ தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலுக்குத் துணைநின்றவர், இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்ன். காடழித்துச் செடி நட்ட உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. மலாய்க்காரரும் மலையின் தொல்குடியினரான செமாய் மக்களும் பாராங் கத்தியை ஆண்டனர். இங்கிலாந்து ஆலைகளும் குடியேற்ற நாடுகளுக்கெனக் கத்திகள் செய்து அனுப்பின. ஆகவே, கிடைத்த இடம் மட்டுமே பிறந்த இடத்துக்குச் சான்றாகாது.

ஆப்பிரிக்க வாள்களை ஆய்வோரும் இவ்வுண்மையை அறிவர். சகாராவில் வாழும் துவாரெக் மக்களின் தகூபாவும் சூடானின் கஸ்காராவும் இருபுறமும் கூருடைய நேர்வாள்கள். இவற்றுட் சிலவற்றின் அலகு ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் பிறந்தது. அலகை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். கைப்பிடி, குறுக்குக் காப்பு, உறை ஆகியவையே வாளை ஆண்ட மண்ணைக் காட்டும்.

நம் கத்திக்கும் இம்முறை பொருந்தும். நுனியை நோக்கி அகன்று கனக்கும் அலகு பாராங்கை நினைவூட்டும். உள்வளைவில் கூருடையது அரிவாள் மரபைச் சுட்டும். சம்மட்டித் தழும்பு கொல்லனையும், பொறித்த முத்திரை ஆலையையும் காட்டும். பிடியின் மரமும் பூணும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவையாகலாம், அம்மாற்றமும் வரலாறே. ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு கூறாது, எல்லாவற்றையும் ஒருங்கே வைத்து எண்ணுதல் வேண்டும்.

புறநானூற்றின் 95 ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் பொலிவுமிக்க படைக்கலங்களையும், போரில் நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்திற் கிடந்த அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டார். சிதைவையே அவர் சான்றாகக் கொண்டார். நாமோ துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும், முறிந்த பிடியை எறிந்தும் சான்றை அழித்துவிடுகிறோம்.

கவ்வாத்து இன்று பெரிதும் இயந்திரத்தின் வேலையாயிற்று. தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் பல நகரம் சேர்ந்தன. ஆதலின் கத்தியைத் துடைக்குமுன், அதைப் பிடித்த முதியவரிடம் மூன்று கேட்போம்: இதன் பெயர் யாது? யார் கொடுத்தார்? எவ்வேலைக்கு ஆண்டீர்கள்? அலகு இன்னும் பல்லாண்டு கிடக்கும். அவர் நாவிலுள்ள சொல் அவ்வளவு நாள் காத்திராது.